கீழ்நகரத்துக்கு விட்ட தண்ணீர்

அக்டோபர் 9, வியாழன்

இன்று பேருந்து நேரங்கள் பற்றிக் கூட்டம். மேல்நகரத்திலிருந்து கீழ்நகரம் வரை ஆற்றையொட்டி ஆறு உள்ளாட்சிகள். ஆறுக்கும் ஆறு அட்டவணை. ஒரு ஊர் பேருந்து வந்து சேர்வதற்குள் அடுத்த ஊர் பேருந்து கிளம்பிவிடுகிறது. இதையெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பேசத்தான் வட்டாரத் திட்ட மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஆறு தலைவர்களையும் ஒரே மேசைக்கு இழுத்து வருவது என் வேலை. முதல் அரை மணி நேரம், யார் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவது என்பதிலேயே போயிற்று.

என் அக்காதான் கீழ்நகரத் தலைவர். மேல்நகரத் தலைவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். 'மாட்டு டாக்டர்' என்று அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"மேல்நகரத்துல மட்டும் எல்லா பஸ்ஸும் நின்னு நிதானமா போகுதே, ஏன்னு கேளு."

"நிக்காம போனா யார் ஏறுவாங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க."

நடுவில் தலையை இங்கும் அங்கும் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

இதோடு முடித்திருந்தால் சிரித்துக்கொண்டே தூங்கப் போயிருப்பேன். எல்லோரும் கிளம்பிய பிறகும் மேல்நகர ஏரியைக் கவனிக்கும் பொறியாளர் கிளம்பவில்லை. நான் நாற்காலிகளை அடுக்க, அவரும் சேர்ந்து அடுக்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மேடம், ஏரிக்கரைக்கு வெளிப்பக்கம் ஒரு கசிவு இருக்கு. மண்கரைன்னா கசியத்தான் செய்யும். இது கொஞ்சம் வேற மாதிரி தெரியுது."

"வேற மாதிரின்னா?"

"வந்து பாருங்க. நான் சொன்னா பயமுறுத்துற மாதிரி இருக்கும்."

சொல்லாமலே பயமுறுத்திவிட்டுப் போனார்.

அக்டோபர் 11, சனி

பார்த்தேன். பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

கரையின் அடிவாரத்தில், புல்லுக்கு நடுவே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. வெளியே எடுத்தபோது விரல்களில் மெல்லிய மண் ஒட்டியிருந்தது.

"தெளிஞ்ச தண்ணி வந்தா கவலையில்ல," என்றார் பொறியாளர். "கலங்கி வந்தா, உள்ளேயிருந்து மண்ணையும் சேர்த்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். கரைக்குள்ள எங்கேயோ வழி பண்ணிக்கிட்டிருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். கரை அவ்வளவு உயரம். அதற்கு மேல் வானம். அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்திலிருந்து தெரிவதே இல்லை. பொறியாளர் குடும்பம் இருக்கும் குடியிருப்பு இங்கேதான், கரைக்குக் கீழேயே. கொடியில் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்தால் கரையின்மேல் அழுத்தம் குறையும். மழைக்காலம் முழுக்க இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் திறக்கிற தண்ணீர் எங்கே போகும்? கீழ்நகரத்துக்கு. அக்காவின் ஊருக்கு.

வீட்டுக்கு வந்து கையை எத்தனை முறை கழுவினாலும் மண் இருப்பதுபோலவே இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து மழை. மாட்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்கள் சிவந்திருந்தன.

ஏரி மேல்நகரத்துடையது. மதகும் அவர்கள் பொறுப்பு. ஆனால் ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் விடுவதானால் கீழே உள்ள ஐந்து ஊர்களும் சம்மதிக்க வேண்டும் என்று பழைய ஒப்பந்தம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கேட்காமல் திறந்து, கீழ்நகரச் சந்தை மூழ்கி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அன்றைக்கு அக்காவும் இவரும் பேச்சை நிறுத்தியவர்கள்தான்.

"திறந்தா உங்க அக்கா என்னை மறுபடியும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க," என்றார். "திறக்கலேன்னா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

"நீங்க கூப்பிடுங்கம்மா. நான் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்க கூப்பிட்டா திட்டிக்கிட்டாவது வருவாங்க."

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்: "உங்க மன்றத்துக்கு என்னதாம்மா அதிகாரம்? திறன்னு உத்தரவு போட முடியாதா?"

முடியாது. திறக்கச் சொல்ல முடியாது, மூடச் சொல்ல முடியாது. நாற்காலி போட்டு, டீ வைத்து, வாங்க என்று கூப்பிட முடியும். அவ்வளவுதான். இதற்கு முன் இது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவள் அவள்தான். அவள் முன்னால் நின்றால் எனக்கு இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்தான் வருகிறது. அத்தான் வழக்கம்போல் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கொண்டு, நாங்கள் பேசுவது கேட்காததுபோல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு,

"கரை உடையும்னு உன் இன்ஜினியர் எழுதித் தருவானா?"

"உடையலாம்னு சொல்றாரு."

"தண்ணி விட்டா என் ஊரு மூழ்கும். மூழ்கலாம் இல்ல. மூழ்கும். ஆத்தோரத் தெரு, சந்தை, பள்ளிக்கூடம், இந்த வீடு... ஒரு 'லாமு'க்காக அத்தனையையும் முழுக வைக்கச் சொல்றியா?"

"அக்கா, நீ வந்து ஒரு தடவை பாரு."

"பார்த்தா எனக்கு என்ன தெரியும்? மாட்டு டாக்டருக்குத்தான் என்ன தெரியும்? அவன் ஏரியைக் காப்பாத்திக்க என் ஊரை வடிகாலா ஆக்கப் பாக்குறான். நீ அவனுக்குத் தூது வர்ற."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் சொன்னதில் என்ன தவறு? திறந்தபிறகு மழை நின்றுவிட்டால்? கரை எப்படியும் தாங்கியிருக்கும் என்றால்? எத்தனை குடும்பங்களை நான் தெருவில் நிறுத்தியிருப்பேன்? திறக்காமல் இருந்து... வேண்டாம். எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

மழை விடவில்லை. கசிவு இரண்டாகிவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

அவசரக் கூட்டம். ஆறு பேரும் வந்தார்கள். அக்காவும் வந்தாள். அவளுடைய துணைத் தலைவரான துணிக்கடைக்காரரையும் அழைத்துவந்திருந்தாள். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

முதல் வாக்கியத்தை இரண்டு முறை சொன்னேன். ஜன்னலில் மழை அடித்த சத்தத்தில் பொறியாளர் கத்திப் பேச வேண்டியிருந்தது. மெதுவாக, நாள் கணக்கில் திறந்தால் ஆற்றோரத் தெருக்கள் மட்டும் மூழ்கும், ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றிவிடலாம், கரை உடைந்தால் யாருக்கும் நேரம் கிடைக்காது என்றார்.

துணிக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். "சீசனுக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கு! இவங்க கரையை இவங்க ஒழுங்கா பார்த்துக்காததுக்கு நாங்க முழுகணுமா?"

நியாயமான கேள்வி.  மாட்டு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு நடுவில் உள்ள நான்கு ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். கூட்டங்களில் தூங்கி வழிகிறவர்கள். மேட்டில் இருக்கும் ஊர்த் தலைவி, "எங்க பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடறோம். மண்டபமும் இருக்கு," என்றார். இன்னொருவர் தன் ஊர் லாரிகளை அனுப்புவதாகச் சொன்னார். பேருந்துகளை எல்லா வழியிலும் நிறுத்திவிட்டுக் கீழ்நகரத்துக்கே திருப்பிவிடலாம் என்றார் மற்றவர். போன வாரம் ஐந்து நிமிட நேர மாற்றத்துக்கு ஒத்துவராத அதே ஆட்கள்.

 கடைசியில் அக்கா பொறியாளரைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, உங்க வீடு கரைக்குக் கீழதானே? உங்க பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க?"

அவர் முகம் சிறுத்துவிட்டது.  "நேத்து... மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டேன்மா."



துணிக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, நேராக மாட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டர், எவ்வளவு மெதுவா திறக்க முடியும்?"

நாளை மதியம் திறக்கிறார்கள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை கரைக்கு மட்டும் பயந்தேன். இப்போது அதற்கும் பயம், மதகுக்கும் பயம்.

அக்டோபர் 17, வெள்ளி

எல்லோரும் தூங்கியபிறகு எழுதுகிறேன்.

காலையிலிருந்து வீடு வீடாக. அக்கா முன்னால், நான் பின்னால். சில பேர் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு பெண்மணி அக்காவைப் பார்த்து, "ஓட்டுக் கேக்க வந்தப்போ இப்படித்தான் சிரிச்சே, இப்ப வெளிய போங்கறே!" என்று கத்திக்கொண்டே குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். யாரோ அக்காவின்மேல் சேற்றை வாரி எறிந்தார்கள். தோளில் பட்டது. அவள் துடைக்கக்கூட இல்லை, அடுத்த கதவைத் தட்டினாள்.

மதியம் மதகு திறந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மகள் ஓடிவந்தாள். "அம்மா, பெரியப்பாவைக் காணோம்."

காலையிலேயே முதல் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தோம். யாரோ சொன்னார்கள்: ஊசி மருந்தைக் குளிர்பெட்டியிலேயே வைத்துவிட்டாராம். எடுத்துவருகிறேன் என்று இறங்கிப் போனவர்.

போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. அப்புறம் அடிக்கவும் இல்லை.

கடவுளே, நான்தானே? நான்தானே கூப்பிட்டேன், நான்தானே நாற்காலி போட்டேன், எல்லாரையும் உக்கார வெச்சேன். அத்தானுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?

 அக்கா பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றாள். மதகை மூடச் சொல்லி அவள் கேட்டிருக்கலாம். ஒரு போன் போதும். கேட்பாளோ என்று பயந்தேன். கேட்க மாட்டாளோ என்று அதைவிடப் பயந்தேன். அவள் கேட்கவில்லை.

தகவல் தெரிந்து மாட்டு டாக்டரே போயிருக்கிறார். மாடு ஏற்றுகிற உயரமான லாரியில். பொழுது சாய்வதற்குள் அந்த லாரி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. பின்பக்கம் வைக்கோலுக்கு நடுவே அத்தான், மருந்துப் பையை மார்போடு அணைத்தபடி. மாடியில் ஏறி நின்றிருந்தாராம். இருவரும் இடுப்பு வரை நனைந்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் மாட்டைவிடப் பிடிவாதம்," என்றார் டாக்டர். "ஏறவே மாட்டேன்னுட்டாரு."

அக்கா சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

கரை நிற்கிறது. தண்ணீர் அக்கா வீட்டு ஜன்னல் வரை. காதில் எப்போதும் ஓர் இரைச்சல். மழையா, மதகா, என் ரத்தமா தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

மழை நின்றுவிட்டது. வெயில்கூட அடித்தது. ஏரி மட்டம் இறங்கிவிட்டது. ஒருவரும் சாகவில்லை.

பள்ளிக்கூடத்தில் உணவு வரிசையில் நின்றபோது முதல் தடவையாகக் கேட்டேன்: "கரைக்கு ஒண்ணுமே ஆகலையே! சும்மா கிளப்பிவிட்டாங்க."

சொன்னவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கீழ்நகரத்தில் சேறு. சந்தையின் இரும்புக் கதவுகளைத் தூக்கினால் உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் வழிகிறது. துணிக்கடைக்காரர் தன் கடை வாசலில், ஊறிப்போன துணிச் சுருள்களை மலைபோல் குவித்து, அதற்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். பெரிய கூட்டம்.

"உடையாத கரைக்காக நம்மளை முழுக வெச்சாங்க. அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து பேசி முடிச்சுட்டாங்க!"

கூட்டத்தில் தலைகுனிந்து நின்றேன். யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால்? ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். வேகமாக நடந்து, பிறகு ஓடி, பேருந்தில் ஏறியபின்தான் மூச்சு வந்தது.

கரை உடைந்திருந்தால் இவர்கள் யாரும் அங்கே நின்று திட்டியிருக்க முடியாது. ஆனால் அதை எப்படிக் காட்டுவது? நடக்காத ஒன்றை யார் கண்ணில் காட்டுவது?

நவம்பர் 3, திங்கள்

பொறியாளர் வரச்சொன்னார். கசிந்த இடத்தைத் தோண்டியிருக்கிறார்கள். கரைக்குள்ளே ஒரு பொந்து. ஓர் ஆள் குனிந்து நுழைந்து உட்காரலாம். விளக்கடித்தார். உள்சுவர் ஈரமாக, வழவழவென்று மின்னியது. இந்த மாதிரி இன்னும் இருக்கலாம் என்று மேற்கொண்டு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"திறக்கலேன்னா உடைஞ்சிருக்குமா?"

விளக்கை அணைத்தார். "உடைஞ்சிருக்கலாம் மேடம்."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் பொய் சொல்லாத மனிதர். படம் எடுத்துச் செய்தித்தாளுக்கு அனுப்பினோம். உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. மண்ணில் ஒரு குழி, அவ்வளவுதான் தெரிந்தது.

நவம்பர் 12, புதன்

கீழ்நகரத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம். அக்காவை நீக்கிவிட்டார்கள். துணிக்கடைக்காரர் இப்போது தலைவர்.

வீடு இன்னும் காயாததால் அக்காவும் அத்தானும் எங்களோடுதான் இருக்கிறார்கள். சாயங்காலம் வந்து கைப்பையை ஆணியில் மாட்டினாள். "முடிஞ்சது," என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கிறதா என்று கதவருகே நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

அக்கா என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். உப்பு எங்கே, சாவி எங்கே. கோபமா, களைப்பா, கேட்கப் பயம்.

இன்று இன்னொரு இடி. கீழ்நகரம் வட்டார மன்றத்திலிருந்து விலகப்போவதாகத் துணிக்கடைக்காரர் சொன்னாராம். டிசம்பரில்தான் புதிய மதகு உடன்பாடு: எந்த மட்டத்தில் திறக்க ஆரம்பிப்பது, எந்த ஊர் எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறப்பது, யார் லாரி அனுப்புவது, மூழ்கிய ஊரைச் சுத்தம்செய்ய மற்ற ஐந்தும் என்ன தருவது. கீழ்நகரம் இல்லாமல் அது வெறும் காகிதம். அடுத்த மழைக்கு மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் ஆளுக்கொரு திசையில். இந்தத் தடவை தப்பித்தோம். அடுத்த தடவை?

அக்காவிடம் சொன்னேன். தட்டிலிருந்து நிமிராமல், "எப்ப கூட்டம்?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 3, புதன்

வானம் மூடியிருக்கிறது. நாளைக்குக் கூட்டம். 

டிசம்பர் 4, வியாழன்

ஐந்து பேர் வந்துவிட்டார்கள். கீழ்நகரத்தின் நாற்காலி காலி. மாட்டு டாக்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயை இரண்டாம் சுற்று ஊற்றினேன். 

ஆரம்பித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டபோது துணிக்கடைக்காரர் உள்ளே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டார். அவருடைய ஊர் மூழ்கினால் அன்றைக்கே மேல்நகரத்துப் பம்புகள் வந்து நிற்க வேண்டும் என்று எழுதவைத்தார். கரையை வருடத்துக்கு இரண்டு முறை கீழ்நகர ஆட்களும் சேர்ந்து பார்வையிடுவார்கள் என்று எழுதவைத்தார். மாட்டு டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சில வரிகளுக்கு, கேட்பதற்கு முன்பே ஆட்டினார். மதியம் தாண்டிக் கையெழுத்துப் போட்டார்கள், ஆறு பேரும்.

கிளம்பும்போது துணிக்கடைக்காரர் என் பக்கம் வந்தார். பழைய பயத்தில் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"நேத்து உங்க அக்கா கடைக்கு வந்தாங்க," என்றார். "நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் இருந்தேன். அவங்க உக்காந்து, 'என்னைத் தூக்கினது உங்க உரிமை, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச வரல. நாளைக்கு நம்ம நாற்காலியைக் காலியா விட்டுடாதீங்க'ன்னாங்க. அவ்வளவுதான். டீ கூடக் குடிக்கல. போயிட்டாங்க."

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்தானா?"

"வந்தாரு."

"கையெழுத்து?"

"போட்டாரு. ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்டிட்டுதான்."

"கட்டணும். தண்ணி அவன் ஊருக்குத்தானே வரும்."

கத்தி கொஞ்ச நேரம் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"எங்க ஊருக்கு," என்று திருத்திக்கொண்டாள்.